கப்பிக்கு ஜோடி கிடையாது

அன்புள்ள அண்ணா,

தக்கலை பக்கம் வீடு. உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது முதல்முறை. கேட்கப்போவது சின்ன விஷயம்தான்.

மகளுக்கு ஒன்பது வயது. பிறந்தநாளுக்கு நான்கு ஜோடி கப்பி மீன் வாங்கிக் கொடுத்தோம். இருபது லிட்டர் கண்ணாடித் தொட்டி. ஒரே மாதத்தில் இரண்டு பெண் மீன்கள் செத்துப்போயின. மிச்சமிருக்கும் இரண்டையும் நான்கு ஆணும் நாள் முழுக்க விரட்டுகின்றன. ஒன்றின் வால் நார்நாராகக் கிழிந்துவிட்டது. ஆண்களும் ஒன்றையொன்று கொத்துகின்றன. கடையில் கேட்டால், இன்னொரு ஜோடி வாங்கி விடுங்கள், சரியாகிவிடும் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா, எல்லாவற்றையும் கொண்டுபோய் குளத்தில் விட்டுவிடு என்கிறார். மகள் கேட்பது வேறு: “அம்மா, இந்த ஆம்பிள மீனெல்லாம் கெட்டதா?” என்ன பதில் சொல்ல?

பெயர் போட வேண்டாம்.

உங்கள் தங்கை

*

அன்புள்ள தங்கைக்கு,

சின்ன விஷயம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இரண்டு மீன்களும் ஒரு வாய் நிம்மதியாகத் தின்ன முடியாமல், நாள் கணக்கில் ஓடி ஓடிச் செத்திருக்கும். பதினொரு வருடம் முன்னால் என் வீட்டிலும் இதேதான் நடந்தது. மூன்று ஜோடி வாங்கினேன். இரண்டு மாதத்தில் மூன்று பெண்ணும் போய்விட்டன. நோய் என்று நினைத்து உப்பு போட்டேன், மருந்து ஊற்றினேன், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசிப் பெண் மீன் பில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே, ஒரு விரல் நுழைகிற இடுக்கில், தலையைக் கீழே போட்டு அசையாமல் நின்றது. அது ஒளிந்து நிற்கிறது என்பதுகூட அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. யாராவது அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: கப்பிக்கு ஜோடி கிடையாது.

புறாவுக்கு ஜோடி உண்டு, கிளிக்கு உண்டு. கப்பி ஆணுக்குத் தன் பெண் என்று ஒன்று இல்லை. எதிரே வருகிற எல்லாப் பெண்ணையும் விரட்டும். அதிலும் புதிதாக வந்ததன் பின்னால்தான் முதலில் ஓடும். நான்கு ஜோடி வாங்கினால் நான்கு குடும்பம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தொட்டிக்குள் ஒவ்வொரு பெண்ணுக்குப் பின்னாலும் நான்கு ஆண் இருக்கிறது. இரண்டு பெண் செத்ததும் அத்தனை விரட்டலும் மிச்ச இரண்டின் தலையில் வந்து விழுந்துவிட்டது. இன்னொரு ஜோடி விட்டால் அந்தப் புதுப் பெண்ணை ஐந்து ஆணும் சேர்ந்து மொய்க்கும். வாங்காதீர்கள்.

பத்து நிமிடம் தொட்டி முன்னால் உட்கார்ந்து பாருங்கள். ஆண் முதலில் பெண்ணுக்கு முன்னால் வரும். வாலையும் முதுகுத் துடுப்பையும் விரித்து, உடம்பைப் பாம்புத் தடம்போல இரண்டு பக்கமும் வளைத்து, அப்படியே நின்று நடுங்கும். இது கேட்பது. பெண் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். உடனே ஆண் பின்னால் சுற்றிக்கொண்டு கீழிருந்து வரும். அதன் வயிற்றுக்கடியில் ஒரு துடுப்பு குச்சிபோல நீண்டு பின்னோக்கி மடங்கியிருக்கும். அதை முன்னால் வீசி ஒரு குத்து. இது கேட்காமல் செய்வது. பெண் மீன் ஆணைவிட நன்றாகவே பெரிது, ஆனாலும் ஓடுவது அதுதான். பெண் இணங்குகிற நாட்கள் மிகக் குறைவு: முதல்முறை, பிறகு ஒவ்வொரு முறை குட்டி போட்டபின் சில நாட்கள். மற்ற நாளெல்லாம் வயிற்றில் குட்டிப் பாரத்தோடுதான் இந்த ஓட்டம். இதில் மகளுக்கு எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. ஆனால் அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

கெட்டதா என்ற கேள்விக்கு என் பதில் இது. மீன் கெட்டதில்லை, அதை நாம் வைத்திருக்கும் இடமும் எண்ணிக்கையும்தான் கெட்டது. கப்பிக்குச் சொந்த ஊர் திரினிடாட், வெனிசுலா பக்கத்து ஓடைகள். அங்கே ஆணின் நிறமே அதற்கு எமன். பளிச்சென்று இருப்பதைத்தான் பெரிய மீன்கள் முதலில் பிடித்துத் தின்னும். பிறக்கும்போது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம் என்றாலும், பல ஓடைகளில் வளர்ந்த மீன்களில் பெண்தான் அதிகம். தொல்லை தாங்காத பெண் ஆழத்துக்குப் போய்விடும். ஆழத்தில்தான் தின்கிற மீன்கள் இருக்கின்றன, அதனால் ஆண் அங்கே வரத் துணியாது. சாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாவது ஆணிடமிருந்து தப்பிக்கிறது பெண். இதைப் படித்த அன்று இரவு எனக்கு அந்த பில்டர் இடுக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

ஜான் எண்ட்லர் என்ற ஆய்வாளர் 1976ல் பெரிய மீன்கள் நிறைந்த ஓடையிலிருந்து சுமார் 200 கப்பிகளை எடுத்து, அவற்றுக்கு அந்தப் பயம் இல்லாத ஓர் ஓடையில் விட்டார். இரண்டே வருடத்தில் ஆண்களின் பொட்டுகள் பெருகி, நிறம் தூக்கலாகிவிட்டது. நம் வீட்டுத் தொட்டியும் பயமில்லாத ஓடைதான். ஆண் ஒன்றுகூடச் சாகாது, பெண் ஒதுங்க ஆழமும் கிடையாது. போதாததற்குக் கடையில் போய் நிறத்தைப் பார்த்து ஆணையே பொறுக்குகிறோம். சாம்பல் நிறப் பெண்ணைக் கூட வைத்துத் தருகிறார்கள், கடலை வாங்கினால் பொட்டலம் தருவதுபோல.

இனி செய்ய வேண்டியது. பெண்கள் இரண்டையும் பெரிய பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றுங்கள். வேலம்பாசியை நன்றாக அலசி, டப்பில் பாதி அடைகிற அளவு போடுங்கள். அந்தப் பாசிக் காடுதான் அதற்கு ஆழம். தண்ணீர் சுத்தமாக இருந்தால் கிழிந்த வால் சில வாரத்தில் வளர்ந்துவிடும். உங்கள் பக்கத்துச் செம்மண் கிணற்றுத் தண்ணீருக்குப் புளிப்புக் குணம் இருக்கலாம், கப்பிக்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். கறிக்கு வாங்கும் கடல் சிப்பியின் ஓடு நாலைந்தை வேகவைத்துக் கழுவி அடியில் போட்டால் போதும்.

ஆண் இல்லாத டப்பில் குட்டி வந்தால் திகைக்க வேண்டாம். ஒருமுறை இணைந்த பெண் விந்தை உள்ளே சேர்த்துவைத்து மாதக்கணக்கில் குட்டி போடும், சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை.

ஆண்களைக் கண்ணாடித் தொட்டியில் தனியாகவே விடுங்கள். நான்கு மட்டும் இருந்தால் இளைத்த ஒன்றை மற்ற மூன்றும் குறிவைக்கும். ஏழெட்டாக இருந்தால் அடி பரவிவிடும், எதற்கும் பெரிய சேதம் வராது. நல்ல பில்டர் இருந்தால் இருபது லிட்டர் அதைத் தாங்கும்.

ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்று வளர்க்கச் சொல்வார்கள். கணக்கு சரிதான், ஆனால் அது நிற்காது. மூன்று பெண்ணும் தலைக்கு இருபத்தைந்து குட்டி போட்டால் மாதம் எழுபத்தைந்து. கொஞ்சத்தைத் தாயே தின்றுவிடும், தப்பியதில் பாதி ஆண். மூன்று மாதத்தில் பழைய கதைதான். குட்டிகளைப் பிரிக்கக் கற்றுக்கொண்டால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள். மகளே செய்யலாம். ஒரு மாதக் குட்டியை டீ வடிகட்டியில் கோரி, வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வயிற்றடித் துடுப்பு விசிறிபோல விரிந்து, அதற்கு மேலே கறுத்த மறு தெரிந்தால் பெண். துடுப்பு கூம்பிக் குச்சியாகத் தொடங்கினால் ஆண், அதை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். இந்த வேலையில் பிள்ளைகளின் கண் நம் கண்ணைவிடக் கூர்மை.

அக்காவிடம் சொல்லுங்கள், குளத்தில் மட்டும் வேண்டாம். கொசுப்புழுவைத் தின்னும் என்று கிணற்றில் விடும் பழக்கம் இருப்பதால் கப்பி நம் ஊர் மீன் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் வயிற்றில் விந்தோடு போகும் ஒரே ஒரு பெண் போதும், குளம் முழுக்க அதன் வம்சம் பரவ. நம் குளத்துக் குஞ்சு மீன்களின் தீனியில் அது பங்கு கேட்கும். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தத் தண்ணீரில் நாம் வளர்த்து அலுத்ததைக் கொண்டு கொட்டக்கூடாது. டப் வெளியே இருந்தால் மேலே வலை கட்டிவையுங்கள். ஐப்பசி மழையில் வழிந்தால் குட்டி ஓடையோடு குளத்துக்குத்தான் போகும். மிஞ்சியதை வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது ஜோடியாகக் கொடுக்காதீர்கள்.

பெண்கள் இரண்டையும் இன்று சாயங்காலமே மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ள வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்