போர் இல்லாத போர்க் கடிதங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ராணுவத்தில் இருந்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போரின்போது பிரான்ஸிலிருந்து அனுப்பிய சில கடிதங்கள், தாத்தாவின் இரண்டாம் உலகப்போர் டைரிகள், அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதக் கட்டுகள் எல்லாம் இப்போது என்னிடம். புத்தகமாக்க ஆசை. ஆனால் கடிதங்களில் முக்கால்வாசி லீவு, பணம், காய்ச்சல்தான். போரே இல்லை. டைரியிலோ மேலதிகாரிகள் மீதும் சொந்தத் தம்பி மீதும் ஒரே கோபம். அதையெல்லாம் எடுத்துவிடச் சொல்கிறார் சித்தப்பா. அலுப்பையும் கசப்பையும் நீக்கிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

நீக்கினால் வாசிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் துண்டுப் பிரசுரம் போல ஆகிவிடும்.

கடிதத்தில் போர் இல்லாததற்குக் காரணம், எழுத விடவில்லை என்பதுதான். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையினருக்கு ஓர் அச்சிட்ட அஞ்சலட்டை கொடுத்தார்கள். நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன், கடிதம் கிடைத்தது என்று சில வரிகள் அதில் இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் போடலாம், அவ்வளவுதான். வேறு எதையாவது எழுதினால் அட்டையையே அழித்துவிடுவார்கள். பிரான்ஸிலிருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களுக்கோ தனித் தணிக்கை அலுவலகமே இருந்தது. அங்கே ஆங்கிலத்தில் பெயர்த்து எடுத்த பகுதிகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தணிக்கைக்குத் தப்ப, இந்தியப் படையைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைக்காரப் படையைச் சிவப்பு மிளகு என்றும் எழுதியவர்கள் உண்டு. கறுப்பு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் என்ன பொருள் என்று வீட்டில் புரிந்துகொள்வார்கள். ஆகவே மளிகை விஷயம் போலத் தெரியும் வரியையும் சற்று நின்று படியுங்கள்.

இன்னொன்று, கொள்ளுத்தாத்தாவின் கடிதங்களில் கையெழுத்து மாறி மாறி இருந்தால் குழம்ப வேண்டாம். எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதவைப்பது அன்று சாதாரணம். உபசார வார்த்தைகள் எழுதியவருடையவை, இடையில் வரும் அவசரம் சொன்னவருடையது. பிரித்தறிய முடிகிறதா என்று பாருங்கள்.

லீவையும் பணத்தையும் அலுப்பு என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அனுமதிக்கப்பட்டதே அவ்வளவுதான் என்னும்போது, ஒரு மனிதன் தன் முழு மனதையும் அதற்குள்தான் வைத்திருப்பான். வரிசையாக எல்லாக் கடிதத்திலும் லீவைப் பற்றி எழுதியவர் திடீரென்று ஒன்றில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்றால் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு உலகப்போர்களிலும் படைப்பிரிவுகள் தினமும் அதிகாரபூர்வப் போர்க்குறிப்பு எழுதின. முதல் போருடையவை லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சாதாரணச் சிப்பாயின் பெயர் அவற்றில் அநேகமாக வராது, எண்ணிக்கையாகத்தான் வருவார். ஆனாலும் அந்த நாளில் படை எங்கே இருந்தது, என்ன இழந்தது என்பது தெரிந்துவிடும். அதையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். உங்கள் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

அப்பாவின் கடிதங்களில் 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று மட்டும் இருந்தால் அது ஊர் அல்ல. இந்திய ராணுவத் தபாலில் இருக்கும் இடத்தை மறைக்கும் முகவரிதான் அது. கவர்களையும் எறியாதீர்கள், தபால் முத்திரையில் தேதி இருக்கும்.

இனி சித்தப்பா விஷயம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஆலன் புரூக், டைரி எழுதக்கூடாது என்ற விதியை மீறி, மனைவிக்காக ஒரு டைரி எழுதினார். அவருடையதும் பரம்பரை ராணுவக் குடும்பம். முதல் போரில் 26 பேரும் இரண்டாவதில் 27 பேரும் போன குடும்பம் என்பார்கள். அந்த டைரி 1957இல் வெளிவந்தபோது சர்ச்சில் மீதான கடுமையான பகுதிகள் பல விடுபட்டிருந்தன. முழுமையாக வந்தது 2001இல். அதில் சர்ச்சிலை ஒரே மூச்சில் வியக்கிறார், வெறுக்கவும் செய்கிறார். நாளெல்லாம் கூட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் இரவில் கொட்டித் தீர்த்த இடம் அது. புரூக் என்ற மனிதர் எனக்குப் பிடிபட்டது அந்தக் கடுப்பில்தான்.

தாத்தாவின் கோபத்தையும் அப்படியே விடுங்கள். தம்பியைப் பற்றிய பக்கங்கள் மட்டும் வேறு. அந்தத் தம்பியோ அவர் பிள்ளைகளோ இருக்கிறார்கள் என்றால் முதலில் அவர்களிடம் காட்டுங்கள். மறுத்தால் விட்டுவிடலாம், ஆனால் இங்கே இத்தனை பக்கம் விடப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள். தடயமில்லாமல் வெட்டுவதுதான் தப்பு. மூலத்தில் எதையும் கிழிக்காதீர்கள், அடிக்காதீர்கள். டேப் ஒட்டுவதும் லாமினேஷன் செய்வதும் கூடவே கூடாது.

உங்கள் பட்டியலில் பெண்கள் எழுதிய ஒரு கடிதம்கூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வீட்டுக்கு வந்தது பெட்டியில் தங்கியது; முகாமுக்குப் போனது, இடம் மாறி இடம் மாறித் தொலைந்தது. பெரும்பாலான ராணுவக் குடும்பங்களில் இதே கதைதான். அப்பாவின் கடிதங்கள் எல்லாமே பதில்கள், கேள்விகள் அம்மாவுடையவை. அம்மா இருந்தால் ஒவ்வொரு கடிதமாக அவருக்கு வாசித்துக் காட்டி, நீ என்ன எழுதியதற்கு அப்பா இப்படி எழுதினார் என்று கேளுங்கள். சொல்லும்போதே பதிவு செய்துகொள்ளுங்கள். ஸ்கேன், தட்டச்சு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.