பழைய பொருள்: கேளுங்கள், சொல்கிறோம்

ஆன்லைனில் பழைய பொருள் வாங்குவது, விற்பது பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கட்டிலும் பீரோவும் விற்க விளம்பரம் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒருவர் கூப்பிட்டார். ராணுவத்தில் இருக்கிறாராம், புதுச்சேரிக்கு மாற்றலாம். பேரமே பேசாமல் 14,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, பணம் அனுப்புவதற்கென்று ஒரு க்யூஆர் கோடு அனுப்பியிருக்கிறார். ஸ்கேன் செய்யலாமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

வேண்டவே வேண்டாம். யுபிஐ-யில் உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. அந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் திறப்பது பணம் கொடுக்கும் பக்கம். தொகையையும், "பணம் வரவு" என்பது போன்ற ஒரு குறிப்பையும் கோடுக்குள்ளேயே எழுதி வைத்துவிட முடியும். அந்தக் குறிப்பை நம்பிப் பின் நம்பர் போட்டால், வர வேண்டிய 14,000 உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' கோரிக்கையை, யுபிஐ-யை நடத்தும் என்.பி.சி.ஐ. 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. அந்த வழி அடைபட்டாலும் க்யூஆர் கோடும், வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கும் அப்படியே இருக்கின்றன.

அடையாள அட்டைப் படம், சீருடைப் படம் எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். கட்டில் வாங்க நினைக்கிறவர் தேக்கா பிளைவுட்டா என்று கேட்பார், அளவு கேட்பார், கறையான் உண்டா என்பார், விலையைக் குறைக்கச் சொல்வார். இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காதவருக்குக் கட்டில் தேவையில்லை.

இதே ஏமாற்று வேறு வேஷத்திலும் வரும். "2,000 அனுப்புவதற்குப் பதில் 20,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று பதறுவார்கள். வங்கி அனுப்பியதைப் போலவே ஒரு எஸ்எம்எஸ்ஸும் வந்திருக்கும். அது பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்திருந்தால் வங்கி அனுப்பியதல்ல. ஸ்கிரீன்ஷாட்டையும் நம்ப வேண்டாம். உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து இருப்புத் தொகை கூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருளை வண்டியில் ஏற்ற விடுங்கள்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இதே எண்தான். போன பணம் வேகமாகக் கணக்கு மாறும். ஏதாவது ஒரு கணக்கில் தங்கியிருக்கும்போதுதான் வங்கியால் அதை முடக்க முடியும். அதனால் முதலில் போன், அடுத்து உங்கள் வங்கி, பிறகு தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் எழுத்துப் புகார். 12 இலக்க யுடிஆர் எண் (பரிவர்த்தனை எண்), தேதி, நேரம், தொகை, எதிராளியின் யுபிஐ ஐடி, மொபைல் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

புதுச்சேரி உழவர்கரையில் ஒரு பிஒய்-01 ஸ்கூட்டர் விலைக்கு இருக்கிறது. கடலூர் விலையைவிடக் குறைவு. வாங்கி மஞ்சக்குப்பத்தில் ஓட்டுவதில் சிக்கல் உண்டா?
– வாசகர், கடலூர்

வண்டியில் சிக்கல் இல்லை, பேப்பரில்தான் வேலை இருக்கிறது. கன்னியகோவில் தாண்டினால் வேறு மாநிலம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு மாநிலப் பதிவு வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி அங்கே புதுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். அப்போது தமிழ்நாட்டு ஆயுட்கால வரியும் கட்ட வேண்டும். வண்டியின் வயதுக்கு ஏற்ப அந்தத் தொகை மாறும். எனவே விலை பேசுவதற்கு முன்பே, ஆர்.சி. நகலோடு கடலூர் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் வரி எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். அதைக் கூட்டிப் பார்த்த பிறகும் விலை குறைவாக இருந்தால்தான் அது லாபம்.

விற்பவர் புதுச்சேரி போக்குவரத்துத் துறையில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கித் தர வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் அவர் கையெழுத்து வேண்டும். கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால், படிவம் 35-ம் வங்கியின் கடன் முடிந்த கடிதமும் சேர வேண்டும். அவை இல்லாமல் முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள். கடலூரில் புதுப் பதிவெண்ணுக்குப் படிவம் 27. வண்டிச் சட்டகத்தில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதிகளும் தேவைப்படும். இரண்டு மூன்று அதிகமாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேப்பரை நேரில் பார்ப்பதற்கு முன்பே எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, கடன் விவரம் எல்லாம் தெரிந்துவிடும். இ-சலான் தளத்தில் அபராதப் பாக்கி தெரியும். அடுத்து, ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு ஒன்றுகிறதா என்று ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள். தேய்த்து மறுபடி அடித்த தடம் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். என்ஜினைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகாத குறை உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைச் சுற்றி பேரிங் சத்தம் கேளுங்கள். கடற்கரையோரத் தெருக்களில் நின்ற வண்டி என்றால் குனிந்து அடியைப் பாருங்கள். சைலன்சர் துருப்பிடித்தால் மாற்றிவிடலாம், சேசிஸ் வெல்டிங் இணைப்பில் துரு தின்றிருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

பைக்கை இரண்டு வருடத்துக்கு முன் விற்றுவிட்டேன். இப்போதும் அபராத எஸ்எம்எஸ் என் போனுக்கு வருகிறது. வாங்கியவர் "மாத்திடுறேன் அண்ணே" என்றே சொல்கிறார்.
– வாசகர், பண்ருட்டி

அபராதம் சின்ன விஷயம். அந்த வண்டி யாரையாவது இடித்துவிட்டால், வழக்கு உங்கள் பெயரில் வரும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸும் இல்லாத வண்டியாக இருந்தால், அந்தத் தொகை உங்கள் தலையில் விழும்.

ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவரும், 30 நாளுக்குள் வாங்கியவரும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நாள் கடந்துவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள். விற்ற ரசீது, வாங்கியவரின் ஆதார் நகல், பணம் வந்த வங்கி விவரம் ஆகியவற்றோடு ஆர்டிஓவுக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் அனுப்புங்கள். இனி வண்டி விற்கும் வாசகர்களுக்கு: பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டு கைக்கு வரும் வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்க வாங்குபவருக்குத்தான் வழி உண்டு, உங்களுக்கு இல்லை. உங்களிடம் இருக்கும் ஒரே பிடி வண்டிச் சாவி. ஆன்லைன் விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து முடித்துவிட்டே சாவியைக் கொடுங்கள்.

2019 மாடல் கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. ஃபெஞ்சல் புயலில் நனைந்த வண்டியாக இருக்குமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், அரியாங்குப்பம்

வீட்டில் சரியாகத்தான் பயப்படுகிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூர்ப் பக்கமும் மூழ்கியது. நனைந்த கார் கழுவித் துடைத்ததும் நன்றாகவே ஓடும். வயரிங் இணைப்புகளில் செம்பு பச்சை பூத்து, சென்சார் ஒவ்வொன்றாகக் கைவிடுவதற்கு மாதங்கள் ஆகும். அதற்குள் கை மாறிவிடும்.

சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். கடைசி ஓரடி சுருளுக்குள்ளேயே இருப்பதால் யாரும் கழுவ மாட்டார்கள், சேற்றுக் கறை அங்கே அப்படியே நிற்கும். ஸ்டெப்னியைத் தூக்கிப் பள்ளத்தில் வண்டலும் துருவும் பாருங்கள். முன் சீட்டைப் பின்னால் தள்ளினால், சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட் தெரியும். ஏழெட்டு வருட வண்டியில் லேசான துரு இயல்பு, எல்லா போல்ட்டும் ஒரே அளவில் செம்பழுப்பாக இருந்தால் தண்ணீர் நின்றிருக்கிறது. தரை கார்ப்பெட் மட்டும் புதிதாக இருப்பதும், உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடிப்பதும் நல்ல அறிகுறியல்ல. என்ஜின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

இன்சூரன்ஸ் பாலிசியையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். க்ளெய்ம் இல்லாமல் வருடம் கூடக்கூட 'நோ க்ளெய்ம் போனஸ்' என்ற பிரீமியத் தள்ளுபடி 20-ல் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். 2024 டிசம்பருக்குப் பிறகு புதுப்பித்த பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால், க்ளெய்ம் எடுத்தாரா, பாலிசி விட்டுப்போய் 90 நாள் கடந்ததா, கை மாறியதா என்று கேளுங்கள். போனஸ் அப்படியே இருப்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததால் கெட்ட என்ஜினுக்கு, அதற்கான கூடுதல் பாலிசி இல்லாவிட்டால் பெரும்பாலும் பணம் கிடைக்காது. அப்படிப்பட்டவர் க்ளெய்மே போட்டிருக்க மாட்டார். சிலிண்டருக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மெக்கானிக்கை வைத்து, சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாகக் காட்டினால் வாங்காதீர்கள்.

லாசுப்பேட்டையில் வீடு காலி செய்யும் மாணவர்கள் ஃப்ரிட்ஜ் விற்கிறார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகி, வில்லியனூர்

நீங்கள் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்தே ஓடவிட்டு வைக்கச் சொல்லுங்கள். போனதும் ஃப்ரீசரில் கையை வைத்துக் குளிர் பாருங்கள், பக்கவாட்டுச் சுவர் அல்லது பின்பக்கக் கம்பி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பிறகு கொஞ்சம் காத்திருங்கள். கம்ப்ரசர் ஒரு கட்டத்தில் தானாக நிற்க வேண்டும். சுழற்சி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை தவிர, சாதாரண ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடினால் கேஸ் குறைந்திருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட் போய்விட்டது.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் ஃப்ரீசரின் அலுமினியத் தட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்த்ததில் ஓட்டை விழுந்து, எம்-சீல் வைத்து அடைத்த இடம் இருக்கும். அந்த ஒட்டு நிற்காது, கேஸ் மறுபடி போகும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் பின்சுவரில் ஐஸ் கட்டியிருந்தால் டீஃப்ராஸ்ட் ஹீட்டரோ அதன் சென்சாரோ வேலை செய்யவில்லை. கதவு ரப்பரில் நாலைந்து இடத்தில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். பிடிமானம் இல்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். அடியில் கம்ப்ரசர் உட்காரும் தகடு உப்புக் காற்றில் அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்றிருந்தால் அது தீப்பற்றும் வாயு. கேஸ் நிரப்பும் வேலையை அந்த வகையில் பழகிய மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள்.

குட்டி யானையில் ஏற்றும்போது நிறுத்தியே கட்டுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள் போய்விடும். நிறுத்தி வந்தாலும் இரண்டு மூன்று மணி நேரம் விட்டே சுவிட்ச் போடுங்கள், படுக்க வைத்து வந்துவிட்டால் ஒரு நாள் முழுவதும் விடுங்கள்.

பில் இல்லாத செல்போன் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

*#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுத்து, ஆங்கிலத்தில் கேஒய்எம் (KYM) என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்டது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் குற்றம். பதில் சரியாக வந்தாலும், விற்பவர் உங்கள் முன்னால் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்கி, போனை ரீசெட் செய்து, புது போன் போலத் தொடக்கத் திரை வரும் வரை காட்ட வேண்டும். "பாஸ்வேர்டு மறந்துடுச்சு, நீங்களே ரீசெட் பண்ணிக்கோங்க" என்றால், அந்த போன் பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். தவணையில் வாங்கி இன்னும் கட்டி முடிக்காத போனையும் கடன் கொடுத்த நிறுவனம் தூரத்திலிருந்தே பூட்டிவிட முடியும். பெட்டியும் பில்லும் கேட்பது இதற்காகத்தான். பெட்டியின் மேல் உள்ள ஐஎம்இஐயும் திரையில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.