பைலட் பத்திக்குது, நாப்ப விட்டா அணையுது

வெளில வைக்கிற புது கேஸ் ஹீட்டர் மாட்டியாச்சு, பைலட் (மெயின் தீய பத்தவைக்கிற குட்டித் தீ) பத்துது, ஆனா நாப்ப விட்டதும் அணையுதுன்னு சொல்றீங்களே, பெரும்பாலும் அது தெர்மோகப்பிள் (தீ எரியுதான்னு சூட்ட வச்சு கண்டுபிடிக்கிற கம்பி) வேலதாங்க, அதோட நுனி பைலட் தீயில நேரா படணும், கொஞ்சம் விலகிப்போனாலும் சூடேறாம வால்வு தானா மூடிக்கும். நாப்ப அமுக்கி ஒரு 30 செகண்டாச்சும் புடிங்க, புது சிலிண்டர்னா ஹோஸ்ல காத்து வேற இருக்கும்.

பத்தவைக்கிறதுக்கு முன்னாடி சிலிண்டர் ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தடவிப் பாத்தீங்களா? குமிழ் வந்தா உடனே மூடிருங்க (தீக்குச்சி காட்டிப் பாக்குற வீரமெல்லாம் வேணாம் சாமி). அப்புறம் சிலிண்டர் வால்வ சட்டுனு திறந்தா கனெக்டர்ல இருக்க சேஃப்டி லீக்குன்னு நெனச்சு கேஸ குறைச்சிடும், தீ சோம்பலா எரியும், எல்லாத்தயும் மூடிட்டு திரும்ப மெதுவா திறங்க. 20 பவுண்ட் சிலிண்டர ரீஃபில் பண்ணா 80 சதவீதத்துக்கு மேல வேணாம். மழைன்னு ஹீட்டர கராஜுக்குள்ள மட்டும் தள்ளிடாதீங்க, எரியறப்ப வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.