பழைய சிம்னி, புது அடுப்பு: ரெட்யூசர் போதுமா?

கேள்வி: குன்னூரில் பழைய ஓட்டு வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். ஹாலில் செங்கல் சிம்னி உண்டு. ஃபயர்பிளேஸை எப்போதோ அடைத்துவிட்டு, சுவரில் 8 அங்குல ஓட்டை மட்டும் விட்டிருக்கிறார்கள். நான் பார்த்து வைத்திருக்கும் இரும்பு விறகு அடுப்பின் புகைவாய் 6 அங்குலம். “ஒரு ரெட்யூசர் போட்டா போதும் சார்” என்கிறார் கடைக்காரர்; இரண்டு அளவையும் இணைக்கும் துண்டுக் குழாயாம். நம்பி வாங்கலாமா?

பதில்: அடுப்பை வாங்கலாம், ரெட்யூசரை நம்பி வாங்காதீர்கள். 6 அங்குலக் குழாயை 8 அங்குல ஓட்டையில் பொருத்துவது அரைமணி நேர வேலை. சிக்கல் சுவருக்கு உள்ளே இருக்கிறது.

ஃபயர்பிளேஸுக்காகக் கட்டிய சிம்னி உள்ளே நல்ல அகலமாக இருக்கும். ஓரடிக்கு ஓரடி என்று வைத்துக்கொண்டால் 144 சதுர அங்குலம். உங்கள் அடுப்பின் புகைவாயோ சுமார் 28தான். ஐந்து மடங்கு! வெளிச்சுவரில் உள்ள சிம்னி என்றால் இரண்டு மடங்கு, வீட்டுக்கு நடுவில் என்றால் மூன்று மடங்கு, அதற்கு மேல் கூடாது என்கிறது அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வகுத்த என்.எஃப்.பி.ஏ. 211 விதி. அகலம் கூடினால் புகை ஆறிப்போய் மேலே ஏறாது; அடுப்புக் கதவைத் திறந்ததும் ஹாலுக்குள் வரும். அதைவிட மோசம், குளிர்ந்த செங்கலில் தார் மாதிரி படியும் கரிப்பிசின். அது சிம்னிக்குள்ளேயே தீப்பிடிக்கும். கூரைச் சட்டமெல்லாம் மரமாக இருக்கும் ஓட்டு வீட்டில் இது விளையாட்டில்லை.

அதனால் அடுப்பின் புகைவாயிலிருந்து சிம்னி உச்சி வரை 6 அங்குல எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாயை உள்ளே இறக்குங்கள். செலவு கணிசமாகவே ஆகும்; அதையும் அடுப்பு விலையோடு கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் மலிவாக அடித்துத் தருகிறோம் என்பார்கள். வேண்டாம், சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு நச்சுப்புகை விடும். குழாயை இறக்கும் முன் கொத்தனாரை விட்டு சிம்னியில் விரிசல், பறவைக்கூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு (புகையோடு வரும், மணமில்லாத நச்சுவாயு) அலாரம் ஒன்றும் கட்டாயம்.

அப்புறம் விறகு. கற்பூர மரமோ சீகையோ, பிளந்து, மழையும் மூடுபனியும் படாத கொட்டகையில் ஒரு வருஷமாவது காய வேண்டும். ஈர விறகு போட்டால் எந்தக் குழாயிலும் பிசின் படியும்.

கடைக்காரரிடம் குழாய், பொருத்தும் வேலை எல்லாம் சேர்த்து பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.