வாசகர் கேள்வி – பதில்: வடிகால், வெயில், மொட்டைமாடி

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதி மழை, வெயில், கரண்ட் பில் பற்றித்தான். சினிமா கேள்வி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

வியாசர்பாடி வாசகர்: எங்கள் தெருவில் புதிதாக மழைநீர் வடிகால் போட்டார்கள். இப்போது முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் நிற்கிறது. போடுவதற்கு முன் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறதா?

இருக்கிறது. பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. 1993இல் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சாசனத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் ஏரியா சபைக்கும் விதிகள் வர 2022 ஆகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் ஏரியா சபைக் கூட்டங்கள் நடந்தன, பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதல்வரே போனார். கிராமசபை மாதிரி, அந்தப் பகுதி வாக்காளர் எவரும் போய்ப் பேசலாம். ஆனால் சபையின் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். அதனால் பல இடங்களில் கவுன்சிலருக்கு வேண்டப்பட்டவர்களே முன் வரிசையில் இருப்பார்கள். இருக்கட்டும், நீங்களும் போங்கள்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். வடிகால் போட்டும் தண்ணீர் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வடிகால் போய்ச் சேரும் கால்வாய் நிரம்பிவிட்டால், தண்ணீர் அதே வடிகால் வழியாகத் தெருவுக்குத் திரும்பி வரும். உங்கள் பக்கத்து கேப்டன் காட்டன் கால்வாய் பெருமழையில் எப்படிப் பொங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு ஏறியது, எந்த வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரம், தண்ணீர் இறைக்கும் மோட்டார் எப்போது வந்தது, எப்போது வடிந்தது என்பதையெல்லாம் மழை விட்ட அன்றே சுவரில் கோடு போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். தெருவில் நாற்பது வருடமாக இருக்கும் பாட்டிமார்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், பழைய குளம் எங்கே இருந்தது என்பது வரை சொல்வார்கள். இந்தத் தகவல் எந்தக் கன்சல்டன்ட் அறிக்கையிலும் கிடைக்காது, எந்த இன்ஜினியரும் இதைச் சுலபத்தில் தள்ளிவிடவும் முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வடிகாலின் மதிப்பீட்டையும், அது எங்கே தொடங்கி எவ்வளவு சரிவில் எதில் கலக்கிறது என்பதையும் கேட்டு வாங்கி, உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, தெரு வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, கழிவுநீர் என்றால் குடிநீர் வாரியம், பக்கிங்ஹாம் கால்வாயும் ஆறுகளும் என்றால் நீர்வளத் துறை. மூன்று பேரையும் ஒரே கூட்டத்துக்கு வரச்சொல்லி மனு கொடுங்கள். தனித்தனியாகப் போனால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார், அதிலேயே அடுத்த மழை வந்துவிடும்.

தாம்பரம் வாசகி: மொட்டைமாடியில் சோலார் போட மத்திய அரசு மானியம் தருகிறதாம். நான் வாடகைக்கு இருப்பவள், மாடி வீட்டுக்காரருடையது. எனக்கு இதில் என்ன?

நேராகச் சொன்னால், இப்போதைக்கு ஒன்றும் இல்லை. 2024இல் வந்த சூரிய வீடு (பி.எம். சூர்ய கர்) திட்டத்தில் மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய். இது கூரை வைத்திருப்பவருக்கு, அதிலும் மீதிப் பணத்தை முதலில் போட முடிந்தவருக்கு. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும், அது ஒரு நாளில் சுமார் நான்கு யூனிட் தரும். அவர் பில் இறங்கும். நீங்கள் அவருக்கு, அவர் உங்கள் போர்ஷனுக்குத் தனியாக வைத்த சப்-மீட்டர் பார்த்து யூனிட்டுக்குப் பத்தோ பன்னிரண்டோ கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இலிருந்து எல்லா வீட்டுக்கும் இருக்கிறது, அதுகூட சப்-மீட்டர் வைத்த வாடகைக்காரர் பலர் கைக்கு வந்து சேர்வதில்லை! சுத்தமான கரண்ட் வருகிறது, வரட்டும், ஆனால் வசதியுள்ளவர் பில் குறைந்து இல்லாதவர் பில் அப்படியே நிற்கும் மாற்றத்தை நியாயமான மாற்றம் என்று என்னால் சொல்ல முடியாது.

வழி இல்லாமல் இல்லை. பத்து வீடு சேர்ந்து எங்கோ ஓரிடத்தில் பேனல் போட்டு, அதில் வரும் யூனிட்டை அவரவர் பில்லில் கழித்துக்கொள்ள டெல்லியில் 2019இலேயே விதி செய்தார்கள். அடுக்குமாடிச் சங்கம் என்றால், லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்கு அதே திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அப்படிப் போட்டால் மெயின்டனன்ஸில் எவ்வளவு குறையும் என்று சங்கக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். வாடகைக்காரர் பேசக்கூடாது என்று யாராவது சொன்னால், மெயின்டனன்ஸ் கட்டுவது யார் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஊர் சேர்ந்து செய்ய முடியுமா என்ற சந்தேகம் இருந்தால் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையைப் பாருங்கள். 2006இல் அந்த ஊராட்சி 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. அதில் 1.15 கோடி வங்கிக் கடன், மீதி ஊராட்சியின் சேமிப்பு. தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றே கடனை அடைத்தார்கள். கிராம ஊராட்சியால் முடிந்தது மாநகராட்சி வார்டுக்கு ஏன் முடியாது என்பதற்கு எனக்கு யாரும் ஒழுங்கான காரணம் சொன்னதில்லை.

எண்ணூர் வாசகர்: அனல்மின் நிலையத்தை மூடினால் வேலை போகும், மூடாவிட்டால் சாம்பல் போகாது. எங்களுக்கு எதுதான் நியாயம்?

இந்தக் கேள்வியை உங்கள் தலையில் கட்டியதே அநியாயம். 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆனால் கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப்புறம் வடசென்னை, வல்லூர் நிலையங்கள் ஓடுகின்றன, 2024இல் இன்னொரு 800 மெகாவாட் சேர்ந்தது. குழாய் உடைந்து வழிந்த சாம்பல் சேறு ஆற்றில் படிந்து, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் வலை போடும் மீனவர்களுக்கும் பிழைப்பைக் கெடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெயும் வந்து சேர்ந்தது.

வேலை போகும் என்று பேசும்போது நிரந்தரப் பணியாளரை மட்டும் கணக்கில் வைக்கிறார்கள், அவருக்கு வேறு நிலையத்துக்கு மாற்றல் கிடைத்துவிடும். ஒப்பந்தத் தொழிலாளி, லாரி கிளீனர், கேட் வாசலில் டீக்கடை வைத்தவர், இருபது வருடமாக இறால் குறைந்துபோன குடும்பம், இவர்கள் பெயர் பட்டியலில் வர வேண்டும், அதுவும் மூடுவதற்கு முன்பே. ஆற்றில் கிடக்கும் சாம்பலை அள்ளும் வேலைக்கும், அலையாத்தி நடும் வேலைக்கும் உள்ளூர்க்காரரையே எடு என்று கேளுங்கள்.

பெரும்பாக்கம் வாசகி: வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று 2015க்குப் பிறகு ஆற்றங்கரையிலிருந்து எங்களை இங்கே கொண்டுவந்தார்கள். இங்கேயும் வெள்ளம். சிரிப்பதா அழுவதா?

கோபப்படுங்கள். அடையாறு, கூவம் கரைக் குடிசைகளைப் பள்ளி ஆண்டின் நடுவில் காலி செய்து, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதே சதுப்பில் ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. மத்திய அரசின் காற்றாற்றல் நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது, பசுமை மின்சாரத்துக்கான நிறுவனம்! அவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. மிச்சமிருக்கும் சதுப்புக்கு 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்கிற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது, நல்லது. இனி எவரையாவது இடம் மாற்றுவதென்றால் எங்கே, எப்போது, என்ன வேலைக்குப் போவார்கள் என்று முதலில் அந்தக் குடும்பங்களிடம் கேட்டு எழுதி வாங்கட்டும்.

மதுரை வாசகர்: தகர ஷீட் வீடு. இரவிலும் உள்ளே படுக்க முடியவில்லை. இதற்கெல்லாமா திட்டம் போடுவார்கள்?

போட்டிருக்கிறார்கள். 2010 மே மாத வெயிலில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதற்குப் பிறகு, 2013இல், அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதில் அங்குள்ள பெண்கள் குழுக்கள் முன்னால் நின்றன. சில டிகிரி குறையும், அற்புதம் எதிர்பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் வெப்ப அலை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது, வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். உயிரோடு இருக்கும்போதே ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் கொடுங்கள் என்று உங்கள் ஏரியா சபையில் தீர்மானம் போடுங்கள்.

கோவை வாசகர்: இத்தனை குழப்பம் எதற்கு? எல்லோரும் ஆளுக்கொரு மரம் நட்டால் போதாதா?

நடுங்கள். வடிகால் மேல் மட்டும் நட்டுவிடாதீர்கள்.