அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிக்கு வேறு கல்லூரியிலிருந்து வரும் அனுபவமுள்ள குவாட்டர்பேக் அவ்வளவு முக்கியமா?

ஆமாம், மிகவும் முக்கியம். பந்தைக் கையால் வீசி ஆடும் இந்த அமெரிக்க ஆட்டத்தில், பந்து கைக்கு வந்த சில நொடிகளில் எதிரணியின் தடுப்பைப் படித்து, யாருக்கு வீசுவது என்று முடிவெடுக்க வேண்டியவர் குவாட்டர்பேக். அந்தக் கண் பயிற்சியில் மட்டும் வந்துவிடாது. நிஜ ஆட்டங்களில் அடிபட்டுத்தான் வரும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தையே பாருங்கள். 2021-இல் 4 வெற்றி, 8 தோல்வி. அடுத்த ஆண்டு இந்தியானா பல்கலைக்கழகத்திலிருந்து குவாட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் வந்தார். 11 வெற்றி, 2 தோல்வி. 2023 பருவத்தில் ஒரு தோல்விகூட இல்லாமல் தேசிய இறுதி ஆட்டம் வரை போய், அங்கே மிச்சிகனிடம் 34-13 என்று தோற்றார்கள்.

பெருமை முழுவதும் அவருக்கே என்று சொல்ல மாட்டேன். பயிற்சியாளர் கேலன் டிபோரும் அப்போதுதான் பொறுப்பேற்றிருந்தார். ஆனால் 2019-இல் இந்தியானாவில் தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவரும் இதே டிபோர்தான். அதனால் அவருடைய ஆட்டமுறை பெனிக்ஸுக்கு ஏற்கெனவே அத்துபடி. என்னைப் பொறுத்தவரை, எத்தனை ஆண்டு ஆடினார் என்பதைவிட இந்தப் பொருத்தம்தான் பெரிது.

சரி, ஆபத்து இல்லையா? இருக்கிறது. இந்தியானாவில் பெனிக்ஸின் நான்கு பருவங்களும் காயத்தால் பாதியிலேயே முடிந்தவை. வாஷிங்டன் அது தெரிந்தேதான் அவரை எடுத்தது. இரண்டு ஆண்டுகளில் 28 ஆட்டங்களிலும் அவரே களமிறங்கினார்.