ஸ்ட்ரீம்லைனர் பைக் கட்ட இன்ஜினிலிருந்து தொடங்கலாமா?

கேள்வி: என்னிடம் ஒரு பழைய சுசுகி ஹயபூசா பைக்கின் இன்ஜின் சும்மா கிடக்கிறது. அதை வைத்து உப்புத்தரையில் ஓட்டுகிற, முழுக்க மூடிய ஸ்ட்ரீம்லைனர் ஒன்றைக் கட்ட ஆசை. மணிக்கு 400 கி.மீ. போக எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

அந்த இன்ஜினை ஒரு மூலையில் சாக்கு போட்டு மூடி வையுங்கள். அதன் முறை கடைசியில்தான் வரும். முதல் வேலை, ஓட்டப்போகிறவரைத் தரையில் படுக்கவைத்து அளவெடுப்பது. வெறும் சட்டையோடு வேண்டாம். தீக்காப்பு உடை, கையுறை, ஹெல்மெட், கழுத்துக் காப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு, கால் முன்னால் நீட்டி, தலை மட்டும் வழி தெரிகிற அளவுக்குத் தூக்கிய நிலையில். தோள் அகலம் எவ்வளவு, தரையிலிருந்து ஹெல்மெட் உச்சி எவ்வளவு என்று பாருங்கள். வண்டியின் தலையெழுத்து பெரும்பாலும் இந்த இரண்டு அளவில் இருக்கிறது.

நான் இப்படியொரு வண்டியின் பாடி வேலையில் கூட நின்றவன், ஓட்டியவன் இல்லை. அதனால் என் பதில் பாடிப் பக்கமாகவே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குதிரைத்திறன் கேட்டீர்கள், கணக்கைப் போட்டுவிடுவோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். அதை வெல்லத் தேவையான திறன் மும்மடியாக ஏறும். வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. இழுவைக் குணகத்தை (வடிவம் காற்றில் எவ்வளவு இழுபடும் என்று சொல்கிற எண்) முன்முகப் பரப்பால் (முன்னாலிருந்து பார்த்தால் தெரிகிற பரப்பு) பெருக்கினால் ஒரு சாதாரண ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு, ஆளோடு சேர்த்து, 0.35 சதுர மீட்டர் சுமாருக்கு வரும். உயரமான உப்புத்தரையின் மெல்லிய காற்றில்கூட அது 400 கி.மீ. போக, காற்றுக்கு மட்டும் 320 குதிரைத்திறன் கொடுக்க வேண்டும். அதே எண்ணை 0.06க்கு இறக்கிவிட்டால்? ஏறக்குறைய 55 போதும். உப்பின் உருள்தடை, சக்கரம் வழுக்குவதில் போகிற இழப்பு எல்லாம் இதற்கு மேல். என்றாலும், கம்பெனியிலிருந்து வந்தபடியே 170க்கு மேல் கொடுக்கிற இன்ஜின் உங்களுக்குப் போதுமா என்ற கேள்வி இத்துடன் அடிபட்டுப் போகிறது. 0.06க்கு எப்படி வருவது என்பதுதான் மிச்சம்.

காகிதக் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் 1956ஐச் சொல்வேன். அந்த ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பானவில் உப்புத்தரையில் ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனம் ஒரு 50 சிசி வண்டியை 196 கி.மீ. வேகத்தில் ஓட்டியது. ஐம்பதே சிசி! குஸ்டாவ் பாம் என்பவர் வடிவமைத்த, தரையோடு தரையாக ஆள் மல்லாந்து கிடக்கிற மெல்லிய கூடு அது. 'பறக்கும் ஊஞ்சல் படுக்கை' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். பாம் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே சோதனை ஓட்டத்தில் இறந்துவிட்டார். அதே 1956இல், அதே உப்பில், ஜானி ஆலன் ஒரு 650 சிசி ட்ரையம்ஃப் இன்ஜினை வைத்து மணிக்கு 214 மைல், அதாவது 345 கி.மீ. போனார். அந்தக் கூட்டைச் செய்தவர் ஒரு விமானி. உலக மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம் அந்தச் சாதனையைக் கடைசிவரை ஏற்கவில்லை. ஆனால் ட்ரையம்ஃப் கம்பெனி 'பானவில்' என்று ஒரு மாடலுக்கே பெயர் வைத்துக் காசு பார்த்துவிட்டது.

கூட்டின் வடிவம் பற்றி நிறையப் பேசலாம், ஆனால் அடிப்படை எளிது. மூக்கு ஊசியாக இருக்கத் தேவையில்லை. ஒலியின் வேகத்துக்குக் கீழே உருண்டையான மூக்கே போதும். வால்தான் முக்கியம். அகலமான இடத்திலிருந்து வால் வரை மெதுவாக, நீளமாகக் குறுக வேண்டும். சட்டென்று குறுக்கினால் காற்று பாடியை விட்டுப் பிரிந்து பின்னால் சுழன்று இழுக்கும். அடிப்பாகத்தையும் மூடிவிடுங்கள். சக்கரம் வெளியே தெரிகிற இடைவெளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது (வேகத்தில் டயர் வீங்கும் என்பதை மறக்காமல்). பேனல்கள் சேருகிற இடத்தில் ஒரு மில்லிமீட்டர் விளிம்பு தூக்கி நின்றால்கூடக் காற்றுக்குப் பிடி கிடைத்துவிடும். பெரிய குழுக்கள்கூட ஓட்டத்துக்கு முன் இணைப்புகளின் மேல் டேப் ஒட்டுவதைப் பார்க்கலாம். காற்றுச் சுரங்கம் (வண்டியை நிறுத்திவைத்து அதன்மேல் காற்றை ஓட்டிப் பார்க்கிற கூடம்) கிடைக்கவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். சின்னச் சின்ன நூல் துண்டுகளை பாடி முழுக்க ஒட்டி, பக்கத்தில் ஒரு காரிலிருந்து வீடியோ எடுங்கள். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒட்டிப் போகிறது. துள்ளினால் அங்கே பிரிகிறது. இன்னொரு சோதனை, ஒரு வேகத்தில் கிளட்சைப் பிடித்துவிட்டு, எத்தனை நொடியில் எவ்வளவு வேகம் குறைகிறது என்று குறித்துக்கொள்வது. மாற்றம் செய்தபின் அதே இடத்தில் மறுபடி. காற்றில்லாத காலையில் மட்டும்.

இனி எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிற இடத்துக்கு வருகிறேன்: பக்கக்காற்று. காற்றின் தள்ளல் குவிகிற புள்ளி எடையின் மையத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கும். அம்பு நேராகப் போவது அதனால்தான். சரி, வாலில் ஒரு பெரிய துடுப்பை வைத்தால் முடிந்தது என்று தோன்றும். காருக்கு முடிந்தது. இருசக்கர வண்டிக்கு முடியவில்லை. பெரிய துடுப்பு உள்ள வண்டியின் மூக்கு, காற்று வரும் பக்கமாகவே திரும்பும். அப்படித் திரும்பும்போது மையவிலக்கு விசை வண்டியை வெளிப்பக்கமாகச் சாய்க்கும். வெளிப்பக்கம் என்றால், காற்று ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருக்கிற அதே பக்கம். இரண்டும் கைகோத்துக்கொள்ளும். துடுப்பு அறவே இல்லையென்றால் மூக்கு காற்றோடு ஒதுங்கிக்கொண்டே போகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அது ஒவ்வொரு வண்டிக்கும் வேறு. என் கருத்து: துடுப்பைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு, அதைவிட முக்கியமாகப் பக்கவாட்டு உயரத்தைக் குறையுங்கள். குறுக்குவெட்டை வட்டமாக்குங்கள். தட்டையான பக்கச் சுவர் வேண்டவே வேண்டாம். முன்சக்கரம் முழுவதையும் மூடிய ஃபேரிங்குகளை எஃப்ஐஎம் 1957ஆம் ஆண்டு முடிவோடு சர்க்யூட் பந்தயங்களிலிருந்து தடை செய்ததற்கும் பக்கக்காற்றே முக்கியக் காரணம்.

ஸ்டியரிங் இரண்டு பக்கமும் சில டிகிரி திரும்பினால் போதும். அதன் நடுக்கத்தை அடக்குகிற டேம்பர் கட்டாயம்.

அடுத்து டயர். இந்த விளையாட்டில் உண்மையான எல்லைக்கோடு இதுதான் என்பேன். சாலை டயரின் ஓரத்தில் இருக்கிற 'டபிள்யூ' குறிக்கு 270 கி.மீ. வரைதான் அர்த்தம். 400 கி.மீ. வேகத்தில் 31 செ.மீ. ஆரமுள்ள டயரின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கிற ஒவ்வொரு கிராம் ரப்பரும் நான்கு கிலோ எடையாகி வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். 600இல் அது ஒன்பது கிலோ. ஆகவே ரப்பர் மெல்லியதாக, வழவழப்பாக இருக்க வேண்டும். பள்ளம் பள்ளமாக வெட்டிய டிரெட் இங்கே எதிரி.

காற்று அடிக்கிற வால்வைக் கொஞ்சம் பாருங்கள். ரிம்மிலிருந்து சக்கரத்தின் மையத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கிற சின்ன ஊசியை டயர்ப் பக்கமாக அழுத்தினால் காற்று வெளியேறும், நமக்குத் தெரியும். சக்கரம் இந்த வேகத்தில் சுழலும்போது அந்த ஊசியை யாரும் அழுத்த வேண்டாம். சுழற்சியே அதை டயர்ப் பக்கம் எறிந்து, ஸ்பிரிங்கை மீறித் திறக்கப் பார்க்கும். பிளாஸ்டிக் மூடி அதைத் தாங்காது. உள்ளே ரப்பர் வாஷர் வைத்த உலோக மூடிதான் போட வேண்டும். போட்டிப் பரிசோதகர்கள் குனிந்து பார்க்கிற முதல் சில இடங்களில் இதுவும் ஒன்று.

எடை பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருப்பீர்கள். குறைக்க மெனக்கெட வேண்டாம். பல மைல் ஓடி வேகம் எடுக்கிற பந்தயம் இது. உப்பில் பிடிமானம் தார்ச்சாலையைவிட மிகக் குறைவு. ஈயக்கட்டி வைத்து எடை ஏற்றுகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கிலோக்களைக் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்க் கூண்டில் போடுங்கள். ஆளைச் சுற்றியிருக்கிற கூண்டில் சிக்கனம் பார்க்கிற வண்டியின் பக்கம்கூட நான் போக மாட்டேன். 2018இல் ஆஸ்திரேலியாவின் கெயர்ட்னர் ஏரி உப்பில் வேலரி தாம்சன் மணிக்கு 343 மைல் வேகத்தில் விபத்துக்குள்ளானார். வண்டி சிதறியது. அவர் நடந்து வந்தார். அவர் கிடந்தது கார்பன் ஃபைபர் கூட்டுக்குள், வார்ப்பட்டைகள் இறுக்கிக் கட்டிய நிலையில். கையும் வெளியே வீசிவிடாதபடி தனி வார் கட்டுவார்கள்.

மூடிய வண்டியில் காலை ஊன்ற முடியாது. அதனால் இரண்டு பக்கமும் மடங்கும் சறுக்குக் கால்கள் வேண்டும். ஒரு வண்டி பின்னாலிருந்து தள்ள அல்லது முன்னாலிருந்து இழுக்கக் கிளம்பி, தானாக நிற்கிற வேகம் வந்ததும் ஓட்டுநர் அவற்றை மடக்குவார். நிற்பதற்கு முன் மறுபடி இறக்க வேண்டும். பெருமைக்குரிய வண்டிகள் பல, 500 கி.மீ. வேகத்தில் நேராகப் போய்விட்டு, கடைசியில் 40 கி.மீ. வேகத்தில் பொத்தென்று சாய்வது இந்த இடத்தில்தான். ஆகவே மெதுவாக ஓட்டிப் பழகுவதற்கே பல நாள் ஒதுக்குங்கள். நிறுத்துவதற்குப் பாராசூட். வேகத்தில் பிரேக் போட்டால் உப்பில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பாராசூட் கயிற்றை வாலின் உச்சியில் கட்டிவிடாதீர்கள். எடை மையத்தின் உயரத்தை ஒட்டி இழுக்கிற மாதிரி கட்டினால்தான் விரியும்போது மூக்கு தூக்காது. ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று இருக்க வேண்டும், அதற்குத் தனி நெம்புகோல்.

உலக சாதனை என்ற எண்ணம் இருந்தால் இன்னொரு விதி வண்டியின் அமைப்பையே மாற்றும். எஃப்ஐஎம் கணக்கில் ஒரு திசை ஓட்டம் செல்லாது. இரண்டு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடி, இரண்டின் சராசரியை எடுப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பி, பாராசூட்டை மடித்து வைத்து, டயரைப் பார்த்து, எரிபொருள் ஊற்றி, ஐஸ் நிரப்ப வேண்டும். நாற்பது திருகு கழற்றினால்தான் உள்ளே கை போகும் என்றால் அங்கேயே தோற்றீர்கள். கால் சுற்றில் திறக்கிற பூட்டுகளைப் போடுங்கள்.

ஐஸ் என்றதும் இன்ஜினுக்கு வந்துவிட்டோம். ரேடியேட்டர் வேண்டாம். ஓட்டம் முழுசும் சில நிமிடங்கள்தான். ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும், காற்றுக்குத் திறக்கிற வாய் ஒன்று குறையும். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற கருவி) வைத்தால், அந்தக் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலருக்கு ஐஸ் தண்ணீர். பானவில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,280 மீட்டர், பொலிவியாவின் உயுனி உப்புவெளி 3,650 மீட்டருக்கு மேல். மெல்லிய காற்று கூட்டுக்கு லாபம், இன்ஜினுக்கு நஷ்டம். நஷ்டத்தை டர்போ ஈடுகட்டும். ஆனால் முதல் பருவத்தில் டர்போவைத் தொடாதீர்கள்.

இரண்டு இன்ஜின் வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2010 செப்டம்பரில் ராக்கி ராபின்சன் 605.697 கி.மீ. வேகத்தில் சாதனை வைத்த 'ஆக் அட்டாக்' வண்டியில் இரண்டு டர்போ ஹயபூசா இன்ஜின்கள் இருந்தன. ஆனால் சாம் வீலர் ஒற்றைக் கவாசாகி இன்ஜினில், மிக ஒல்லியான கூட்டில், 2006இல் ஒரு திசையில் மணிக்கு 355 மைல், அதாவது 570 கி.மீ.க்கு மேல் போனார். எனக்கு அவர் வண்டிதான் பிடிக்கும். அவரே பத்தாண்டு கழித்து அதே உப்பில் ஒரு சோதனை ஓட்டத்தில் இறந்துபோனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் 400க்கு ஒரு இன்ஜின் தாராளம். அந்த வேகத்தில் மேலே சொன்ன டயர் நிமிடத்துக்கு 3,420 சுற்று சுற்றும். இன்ஜினை 10,000 சுற்றில் வைக்க நினைத்தால் மொத்தக் கியர் விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் எத்தனை சுற்று) 2.9 சுமாருக்கு வரும். சக்கரம் பத்து சதவீதம் வழுக்கினால் 2.66. உப்பு அன்றைக்கு எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதைப் பொறுத்து வழுக்கல் மாறும், ஆகவே பின்பக்க ஸ்ப்ராக்கெட்டில் (செயின் மாட்டுகிற பல்சக்கரம்) இரண்டு மூன்று பல் கூடக் குறைய இருக்கிற ஒரு கொத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். செயின் நீளத்தையும் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே வெட்டி வைத்துவிடுங்கள், அங்கே வெயிலில் உட்கார்ந்து வெட்டாதீர்கள். வெல்டிங் தொடங்குவதற்கு முன் அந்தந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தை வாங்கி, கூண்டுக் குழாயின் விட்டமும் தடிப்பும் எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், போட்டிக்குப் போட்டி அது வேறுபடலாம்.